வீட்டு விலையோடு பராமரிப்புக் கட்டணத்தையும் எடை போடுவோம்



ஒரு மூட்டை சர்க்கரை வாங்கும்போது நாம் மண்டி விலையை மட்டும் பார்ப்பதில்லை. ஏற்றுகூலி, லாரி வாடகை, இறக்குகூலி, வழியில் சாக்கு கிழிந்து சிந்தும் சேதாரம் அனைத்தையும் கூட்டுகிறோம். கடைக்கு வந்து சேரும் அடக்க விலை தெரிந்த பிறகே கிலோ இன்ன விலை என்று வாய் திறக்கிறோம். மேட்டுப்பாளையத்தில் ஏற்றிய சரக்கு கோத்தகிரி மலைப்பாதையில் வளைந்து வளைந்து கட்டபெட்டு வந்து சேருவதற்குள் விலை எவ்வளவு ஏறும் என்பது மலையில் கடை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும்.

இப்படி நாலு ரூபாய்க்குக் கணக்குப் பார்க்கும் நாமே, 50 லட்ச ரூபாய் கொடுத்து வீடு வாங்கும்போது சதுர அடி விலையை மட்டும் பேரம் பேசுகிறோம். அதன்பின் மாதம் தவறாமல் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விற்பவரும் தாமாகச் சொல்வதில்லை. அந்தக் கட்டணத்தை எப்படிப் புரிந்துகொள்வது, எதைக் கேட்டு அறிவது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மலை வியாபாரிக்கு இது ஏன் தேவை?

நீலகிரியில் கட்டடத்தின் உயரத்தையும் பரப்பையும் கட்டுப்படுத்தும் விதிகள் 1993ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. அதனால் சென்னை, கோவை போல இங்கே மாடி மேல் மாடியாகக் குடியிருப்புகள் எழவில்லை. பெரும்பாலும் தனி வீட்டிலேயே வாழ்ந்து பழகியவர்கள் நாம். கூரை ஒழுகினால் ஆளை அழைத்துச் சரி செய்வோம். தண்ணீர்க் குழாய் உடைந்தால் நாமே போய்ப் பார்ப்போம். சங்கம், மாதக் கட்டணம், பொதுக்குழு என்ற பேச்சே நமக்கு வந்ததில்லை.

ஆனால் காலம் மாறிவிட்டது. பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்காகவும், பெரியவர்களின் மருத்துவத்துக்காகவும், வயதான காலத்தில் குளிர் தாங்காமல் கீழே இறங்கி வாழ்வதற்காகவும் நம்மவர்களில் பலர் கோவையில் அடுக்குமாடி வீடு வாங்குகிறார்கள். மலையிலேயே வேலி போட்ட வளாகத்துக்குள் காட்டேஜ் வாங்குவோரும் உண்டு. இரண்டிலும் வாங்குபவர் ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தக்காரர் ஆவதில்லை. படிக்கட்டு, மொட்டை மாடி, லிஃப்ட், ஆழ்துளைக் கிணறு, கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் ஆகிய அனைத்துக்கும் மற்றவர்களோடு சேர்ந்து கூட்டாளி ஆகிறார். கூட்டு வியாபாரத்தில் லாபத்திலும் செலவிலும் பங்கு உண்டு. இந்தக் கூட்டில் பெரும்பாலும் செலவில்தான் பங்கு.

கட்டணத்துக்குள் என்னென்ன இருக்கின்றன?

பராமரிப்புக் கட்டணத்தை மூன்று கூறாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் வராது.

முதலாவது, அன்றாடச் செலவு. காவலாளி, துப்புரவுப் பணியாளர் சம்பளம், பொது விளக்கு மற்றும் மோட்டார் மின்கட்டணம், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், ஜெனரேட்டர் டீசல், தண்ணீர் லாரி ஆகியவை இதில் அடங்கும். இது நம் கடையின் மாதச் செலவைப் போன்றது.

இரண்டாவது, பழுதுபார்ப்புச் செலவு. மோட்டார் எரிந்துபோவது, குழாய் அடைப்பது, மொட்டை மாடியில் நீர்க்கசிவு போன்றவை. எந்த மாதம் வரும் என்று சொல்ல முடியாது, வராமல் இருக்காது.

மூன்றாவது, சேமநிதி. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் பெருஞ்செலவுக்காக மாதந்தோறும் ஒதுக்கி வைக்கும் பணம். முழுக் கட்டடத்துக்கும் வர்ணம் பூசுவது, லிஃப்டை மாற்றுவது, கான்கிரீட்டைச் சீர் செய்வது எல்லாம் இதில் வரும். பல சங்கங்களில் இந்த மூன்றாவது கூறே இருக்காது. அதன் விளைவைப் பின்னர் பார்ப்போம்.

இவை தவிர, புது வீடு வாங்கும்போது கட்டுநர் ஒரு முறை வசூலிக்கும் தொகை ஒன்று உண்டு. அதைக் கார்ப்பஸ் நிதி என்பார்கள். ஓராண்டு அல்லது இரண்டாண்டு பராமரிப்பை முன்பணமாகவும் வாங்குவார்கள். இரண்டும் வேறு வேறு. முன்பணம் செலவாகித் தீரும். கார்ப்பஸ் நிதியோ பிற்பாடு சங்கத்தின் கைக்கு முழுமையாக வந்து சேர வேண்டிய முதல். ஒப்பந்தத்தில் இவற்றைத் தனித்தனியாக எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

எந்த அளவையில் பிரிக்கிறார்கள்?

சில சங்கங்களில் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. சிலவற்றில் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கு. வேறு சிலவற்றில் நிலத்தில் நமக்குள்ள பிரிபடாத பாகத்தின் விகிதப்படி பிரிப்பார்கள். சதுர அடிக் கணக்கு என்றால், எந்தச் சதுர அடி என்று கேட்க வேண்டும். சுவருக்குள் நாம் புழங்கும் பரப்பு ஒன்று. படிக்கட்டு, வராந்தா முதலியவற்றில் நம் பங்கையும் சேர்த்து விற்பனைக்காகச் சொல்லும் பரப்பு மற்றொன்று. பெரும்பாலும் இரண்டாவது பரப்பின் மேல்தான் கட்டணம் விழும். மூட்டையின் மொத்த எடையும் சாக்கு நீக்கிய நிகர எடையும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியாததா?

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 1000 சதுர அடி வீட்டுக்குச் சதுர அடி 3 ரூபாய் 50 காசு என்றால் மாதம் 3,500 ரூபாய். ஆண்டுக்கு 42,000 ரூபாய். சம்பளமும் மின்கட்டணமும் ஏற ஏற இதுவும் ஏறும். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், 10 ஆண்டுகளில் நாம் கட்டியிருக்கும் தொகை ஏறத்தாழ 5 லட்சத்து 28 ஆயிரம். 20 ஆண்டுகளில் 13 லட்சத்து 89 ஆயிரத்தை நெருங்கும். வங்கிக் கடனுக்கு ஒரு நாள் கடைசித் தவணை உண்டு. இதற்கு வீடு நம் பெயரில் இருக்கும் வரை முடிவில்லை.

இன்னொரு கணக்கு. ஒரே தெருவில் 1000 சதுர அடியில் இரண்டு வீடுகள். ஒன்றின் விலை 48 லட்சம், கட்டணம் சதுர அடிக்கு 2 ரூபாய். மற்றொன்று 47 லட்சம், கட்டணம் சதுர அடிக்கு 4 ரூபாய் 50 காசு. இரண்டாவது ஒரு லட்சம் மலிவு என்று தோன்றும். ஆனால் மாதம் 2,500 ரூபாய், ஆண்டுக்கு 30,000 ரூபாய் அதிகம் போகிறது. மிச்சம் பிடித்த ஒரு லட்சம் மூன்று ஆண்டு நான்கு மாதத்தில் கரைந்துவிடும். அதற்காக இரண்டு ரூபாய் வீடுதான் நல்லது என்றும் உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த இரண்டு ரூபாயில் எதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் கட்டணம் உண்டு

நம்மில் பலர் கோவையில் வீடு வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு மாதம் ஒரு முறை போய் வருவார்கள். "நாங்கள் அங்கே இருப்பதே இல்லை, எதற்குக் கட்ட வேண்டும்?" என்று கேட்பார்கள். தரைத்தளத்தில் வாங்கியவர் "நான் லிஃப்டில் ஏறுவதே இல்லை" என்பார். இரண்டுமே எடுபடாத வாதங்கள். மகாராஷ்டிராவின் 1970ஆம் ஆண்டு அடுக்குமாடி உடைமைச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: பொது வசதியைப் பயன்படுத்தவில்லை என்றோ வீட்டைக் காலியாக விட்டுவிட்டேன் என்றோ கூறி எந்த உரிமையாளரும் பொதுச் செலவில் தம் பங்கைத் தட்டிக்கழிக்க முடியாது. நியாயமும் அதுதான். பூட்டிய வீட்டுக்கும் காவலாளி காவல் காக்கிறார். அதன் தலைக்கு மேலுள்ள கூரையும் பொதுக் கூரையே.

வாடகைக்கு விடும் எண்ணத்தில் வாங்குவோரும் இதைக் கவனிக்க வேண்டும். 50 லட்ச ரூபாய் வீட்டைப் பராமரிப்பு உட்பட மாதம் 14,000 ரூபாய் வாடகைக்கு விடுகிறோம் என்று கொள்வோம். ஆண்டில் இரண்டு மாதம் ஆள் மாறும்போது காலியாக இருந்தால் வரவு 1,40,000 ரூபாய். பராமரிப்பு பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து 42,000 ரூபாய். மிச்சம் 98,000 ரூபாய். போட்ட முதலுக்கு 2 சதவீதம்கூட இல்லை. சொத்து வரியும் வர்ணம் பூசும் செலவும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. வாடகைதாரரே கட்டணத்தைக் கட்டட்டும் என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அவர் கட்டாமல் போனால் சங்கம் தேடி வருவது உரிமையாளரைத்தான்.

பழைய வீடு வாங்கும்போது: வில்லங்கத்தில் தெரியாத பாக்கி

சொத்து வாங்குவதில் நாம் அனைவரும் தவறாமல் செய்வது வில்லங்கச் சான்று எடுப்பது. 30 ஆண்டு வில்லங்கம் பார்த்தாயிற்று, மூலப் பத்திரம் பார்த்தாயிற்று, வக்கீலும் சரி என்று சொல்லிவிட்டார், இனிப் பயமில்லை என்று நினைப்போம். ஆனால் வில்லங்கச் சான்றில் வருவது பதிவு அலுவலகத்தில் பதிவான ஆவணங்கள் மட்டுமே. முந்தைய உரிமையாளர் சங்கத்துக்கு வைத்திருக்கும் பாக்கி அதில் வராது.

நமக்குத் தெரிந்த மளிகை வியாபாரி ஒருவர் கோவையில் பழைய வீடு ஒன்றை வாங்கினார். பத்திரம் முடிந்து சாவியை வாங்கிக்கொண்டு சாமான் இறக்கப் போன அன்று, மூன்றாண்டுக் கட்டணம் பாக்கி இருப்பதாகச் சங்கத்தார் பேரேட்டைக் காட்டினார்கள். விற்றவரைக் கேட்டால் வெளியூர் போய்விட்டார். கடைசியில் வாங்கியவரே அரை மனதோடு கட்டித் தீர்த்தார். சட்டமும் இத்தகைய நேரத்தில் வாங்குபவரை எளிதில் விடுவதில்லை. மேலே சொன்ன மகாராஷ்டிரச் சட்டத்தின்படி, விற்பனை நாள் வரை உள்ள பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. கட்டிய பணத்தை விற்றவரிடம் திருப்பிக் கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. உரிமை இருப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. இதைக் கடன் கொடுத்துப் பழகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சங்கத்திடமிருந்து நிலுவை இல்லை என்ற சான்றை எழுத்தில் வாங்கித் தரும்படி விற்பவரைக் கேளுங்கள். பத்திரப் பதிவு நாள் வரையிலான பாக்கி விற்பவரைச் சேரும் என்று விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். பாக்கி இருந்தால் அதை விலையில் கழித்துக்கொண்டு நேராகச் சங்கத்துக்கே கட்டி ரசீது வாங்குங்கள். கடை ஒன்றை நடப்பிலேயே விலைக்கு வாங்கும்போது சரக்குக் கடன் எவ்வளவு என்று கேட்பதைப் போன்றதுதான் இது.

புது வீடு வாங்கும்போது: கட்டுநரின் பொறுப்பு

2016ஆம் ஆண்டு மத்திய அரசு இயற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தை ரெரா என்று சுருக்கிச் சொல்கிறோம். வாங்குவோர் தெரிந்திருக்க வேண்டிய நான்கு செய்திகள் அதில் உள்ளன.

ஒன்று, உரிமையாளர் சங்கம் பொறுப்பை ஏற்கும் வரை அத்தியாவசியச் சேவைகளை நியாயமான கட்டணத்தில் நடத்தித் தரும் பொறுப்பு கட்டுநருடையது.

இரண்டு, சங்கம் அமைவதற்கு வழி செய்து கொடுப்பதும் அவர் கடமை. பொது இடங்களையும் அவற்றுக்குரிய ஆவணங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

மூன்று, ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து அறிவித்தால், 30 நாட்களுக்குள் கட்டணம் ஏதுமின்றிக் கட்டுநர் சரி செய்து தர வேண்டும். ஆகையால் புதுக் கட்டடத்தில் சுவர் விரிசலுக்கும் மாடி ஒழுகலுக்கும் சங்கத்தின் பணத்தை எடுத்துச் செலவழிப்பதற்கு முன் கட்டுநருக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுங்கள்.

நான்கு, வாங்கியவருக்கும் கடமை உண்டு. பராமரிப்புக் கட்டணம், உள்ளாட்சி வரி, தண்ணீர், மின்கட்டணம் ஆகியவற்றில் தம் பங்கை உரிய காலத்தில் கட்ட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் அமைந்தவையும், எட்டு வீடுகளுக்கு மேற்படாதவையும் ரெரா பதிவிலிருந்து விலக்குப் பெற்றவை. சிறு கட்டடத்தில் வாங்குவோர் எல்லாவற்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

தமிழ்நாட்டில் அடுக்குமாடிகளுக்கென 1994ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, அதற்கான விதிகள் 2024ல் வெளியாகின. பழுதடைந்த கட்டடத்தை இடித்துக் கட்டுவதற்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்பது இதன் முக்கியமான மாற்றம். பழைய கட்டடத்தில் வாங்குவோர், அங்கே அப்படி ஏதேனும் பேச்சு நடக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

குறைந்த கட்டணம் லாபமா?

இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இதுவே. கட்டணம் குறைவு என்று விளம்பரம் செய்தால் நாம் மகிழ்ந்துவிடுகிறோம். சேமநிதி ஒதுக்காமல் கட்டணத்தைக் குறைத்து வைத்திருந்தால் அது சலுகையே அல்ல, பின்னாளில் வட்டியோடு திரும்பி வரும் கடன்.

40 வீடுகள் உள்ள கட்டடத்தில் 15 ஆண்டு கழித்து லிஃப்ட், வர்ணம், மாடித் தளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 லட்சம் தேவைப்படும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 75,000 ரூபாய். முதல் மாதத்திலிருந்தே சேர்த்தால் வீட்டுக்கு மாதம் 417 ரூபாய் போதும். சேர்க்காமல் விட்டால் ஒரு நாள் திடீரென 75,000 ரூபாய் கேட்டு அறிவிப்பு வரும். ஓய்வூதியத்தில் வாழ்பவரால் கொடுக்க முடியாது. வீட்டை விற்கப்போகிறவர் கொடுக்க மாட்டார். வாடகைக்கு விட்டவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். வேலை தள்ளிப்போகும். தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் கம்பி துருப்பிடித்துச் செலவு கூடும்.

அமெரிக்காவில் நடந்த ஒரு பெருந்துயரம் இதை நமக்கு உணர்த்துகிறது. புளோரிடா மாநிலத்தில் மியாமிக்கு அருகில் சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரில், சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத் என்ற 136 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் 1981ல் கட்டப்பட்டது. 2018ல் அதை ஆய்வு செய்த பொறியாளர், நீர்க்காப்புப் பழுதடைந்து கான்கிரீட்டுக்குப் பெருஞ்சேதம் ஏற்பட்டிருப்பதாக அறிக்கை கொடுத்தார். செலவைப் பற்றி உரிமையாளர்களிடையே வாதம் நீண்டது. 2021ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 50 லட்சம் டாலர் தேவை என்று நிர்வாகக் குழு அறிவித்தது. வீட்டின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொருவர் பங்கும் 80,000 டாலரிலிருந்து 3 லட்சத்து 36 ஆயிரம் டாலர் வரை வந்தது. பெரும் பணி தொடங்கும் முன்பே, 2021 ஜூன் 24 அன்று விடியற்காலை கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து 98 பேர் உயிரிழந்தனர்.

கட்டடம் எதனால் விழுந்தது என்பது பொறியாளர்கள் சொல்ல வேண்டியது. நாம் பார்ப்பது கணக்கை. 40 ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் சேர்ந்திருக்க வேண்டிய பணம் ஒரே நாளில் தலைமேல் வந்து நின்றால், எவ்வளவு வசதியுள்ளவர்களும் திகைத்துத்தான் போவார்கள். இதற்குப் பின் 2022ல் புளோரிடா அரசு, பழைய அடுக்குமாடிகளுக்குக் கட்டாய ஆய்வையும் சேம ஒதுக்கீட்டையும் சட்டமாக்கியது.

வேறு இடங்களில் இதற்கு முன்பே வழி வகுத்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி அன்றாடச் செலவுக்கு ஒரு நிதி, பெருஞ்செலவுக்கு ஒரு நிதி என்று இரண்டு கணக்குகளைத் தனித்தனியாக வைக்க வேண்டும். மகாராஷ்டிராவின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரி விதிகள், வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 சதவீதத்தைச் சேமநிதிக்கும், 0.75 சதவீதத்தைப் பழுதுபார்ப்பு நிதிக்கும் ஒதுக்கச் சொல்கின்றன. கட்டுமானச் செலவு 20 லட்சம் என்றால் முறையே 5,000 ரூபாயும் 15,000 ரூபாயும் ஆகும். நாம் வாங்கப்போகும் இடத்தில் இந்த அளவுக்காவது ஒதுக்குகிறார்களா என்று ஒப்பிட்டுப் பார்க்க இது நல்ல படிக்கல்.

ஜி.எஸ்.டி. எப்போது சேரும்?

உரிமையாளர் சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு மேல் இருந்து, ஓர் உறுப்பினரிடம் வாங்கும் மாதக் கட்டணமும் 7,500 ரூபாய்க்கு மேல் போனால் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் வராது. 5,000 ரூபாயாக இருந்த வரம்பை 2018 ஜனவரியில் 7,500 ஆக உயர்த்தினார்கள்.

கட்டணம் 9,000 ரூபாய் என்றால் முழுத் தொகைக்கும் வரி என்பது 2019ல் வந்த அரசுச் சுற்றறிக்கையின் நிலை. அதன்படி வரி 1,620 ரூபாய். 7,500க்கு மேற்பட்ட 1,500 ரூபாய்க்கு மட்டுமே வரி என்று 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அதன்படி வரி 270 ரூபாய். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். கட்டணம் இந்த வரம்புக்கு அருகில் உள்ள வளாகங்களில், எந்த முறையில் வரி பிடிக்கிறார்கள் என்று சங்கத்தின் ஆடிட்டரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மலை வளாகங்களில் தனிக் கவனம்

நீலகிரியில் வளாக வீடு வாங்குவோருக்குச் சில கூடுதல் செலவுகள் உண்டு. லிஃப்ட் இருக்காது, ஆனால் தடுப்புச் சுவர் இருக்கும். சரிவில் மண்ணை வெட்டிக் கட்டிய இடத்தில் அந்தச் சுவரே வீட்டுக்கு உயிர். 2009 நவம்பர் மழையில் இம்மாவட்டத்தில் ஏற்பட்ட நிலச்சரிவுகளையும் உயிரிழப்புகளையும் நாம் மறக்க முடியாது. தடுப்புச் சுவர் யாருடைய எல்லையில் நிற்கிறது, பெயர்ந்தால் செலவு யாருடையது, மழைநீர் வெளியேறும் கால்வாயை யார் தூர் எடுப்பது என்ற மூன்றையும் எழுத்தில் பார்க்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். மழைக்காலத்தில் வீட்டைக் காட்டினால் ஊற்று பெருகி ஓடும். மாசி, பங்குனியில் போய்ப் பார்த்தால்தான் லாரித் தண்ணீர் எத்தனை நடை வருகிறது என்பது தெரியும். 2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வறண்டபோது, அடுக்குமாடிச் சங்கங்களின் செலவில் தண்ணீர் லாரிக் கணக்கே முன்னால் நின்றது. வறண்ட மாதத்துக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மூன்றாவது சாலை. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைப்பது வழக்கம். ஒப்படைத்திருந்தால், சாலைக்கென்று சங்கம் ஏன் கட்டணம் வாங்குகிறது என்று கேட்கலாம். ஒப்படைக்காமல் தனியார் சாலையாகவே வைத்திருந்தால், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அதைச் செப்பனிடும் செலவு நம் தலையில்தான்.

கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள்

1. சங்கம் பதிவு பெற்றதா? அதன் துணை விதிகளின் நகல் கிடைக்குமா?

2. கடந்த மூன்று ஆண்டுகளின் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு எங்கே?

3. கட்டணம் எந்த அளவையில்? கடைசியாக எப்போது, எவ்வளவு ஏற்றினார்கள்?

4. சேமநிதியில் இன்று இருப்பு எவ்வளவு? எந்த வங்கியில், யார் யார் கையெழுத்தில் இருக்கிறது?

5. கார்ப்பஸ் நிதியைக் கட்டுநர் முழுமையாக ஒப்படைத்துவிட்டாரா?

6. மொத்த வீடுகளில் எத்தனை வீடுகள் கட்டணப் பாக்கி? எத்தனை மாதமாக?

7. கடந்த இரண்டு ஆண்டுகளின் பொதுக்குழுத் தீர்மானங்களைப் பார்க்கலாமா? பெரிய பழுதுபார்ப்பு, சிறப்பு வசூல் பற்றிய பேச்சு அதில்தான் முதலில் வரும்.

8. சங்கத்தின் பேரில் வழக்கு ஏதேனும் உண்டா? கட்டடத்துக்குக் காப்பீடு உண்டா?

9. வாடகைக்கு விட்டால் கூடுதல் கட்டணம் உண்டா? மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்களில் 2001ஆம் ஆண்டு அரசு உத்தரவுப்படி இது சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாம் வாங்கும் இடத்தின் விதி என்ன?

10. வாகன நிறுத்துமிடம், வீட்டு உரிமை மாற்றம், சாமான் ஏற்றி இறக்குவது ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா?

ஆறாவது கேள்வியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். மொத்த வியாபாரி ஒருவர் புதிய கடைக்குக் கடனில் சரக்குப் போடும் முன், அந்தக் கடைக்கு வெளியில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்றுதான் முதலில் விசாரிப்பார். பச்சைத் தேயிலை விலை இறங்கும் காலத்தில், சிட்டையில் எழுதியதெல்லாம் கல்லாவுக்கு வந்துவிடாது என்பதை மலைக் கடைக்காரர்கள் நன்கு அறிவார்கள். சங்கமும் அப்படியே. நூறு வீட்டில் முப்பது வீடு கட்டாமல் இருந்தால், அந்த முப்பதின் சுமையும் கட்டுகிற எழுபது பேர் தோளில்தான் ஏறும்.

கணக்கைக் காட்ட மறுக்கும் சங்கம் உண்டு. "வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அப்படியானால் விற்பவர் உறுப்பினர் என்ற முறையில் தாமே கேட்டு வாங்கித் தரட்டும். அவராலும் முடியவில்லை என்றால் வேறு வீட்டைப் பார்ப்பதே நல்லது. பேரேட்டைக் காட்டாதவரிடம் நாம் கூட்டு வியாபாரம் செய்வோமா?

வாங்கிய பிறகு

வீடு வாங்கிய பின் நம் கடமை தொடங்குகிறது. மாதக் கட்டணத்தைத் தவணை தவறாமல் கட்டி ரசீதைக் கோப்பில் வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் மலையை விட்டு இறங்கிப் பொதுக்குழுவுக்குப் போங்கள். மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கி ஒப்பிடுவதும், இருப்பை எண்ணிப் பார்ப்பதும், ரசீது இல்லாத செலவை ஏற்காமல் இருப்பதும் வணிகர்களான நமக்குக் கைவந்த பழக்கங்கள். பல சங்கங்களுக்கு அவைதான் தேவைப்படுகின்றன. சேமநிதி இல்லாத சங்கமாக இருந்தால் அதைத் தொடங்கும்படி தீர்மானம் கொண்டு வாருங்கள். கட்டணம் ஏறுகிறதே என்று மற்றவர்கள் முணுமுணுத்தால், மாதம் 417 ரூபாய்க்கும் திடீரென வரும் 75,000 ரூபாய்க்கும் உள்ள வேறுபாட்டைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள்.

அதிகாலையில் கடை திறந்து இரவு வரை நின்று, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தில்தான் நம்மவர்கள் வீடு வாங்குகிறார்கள். அந்த வீடு கடைசிக் காலம் வரை நமக்குத் துணையாக நிற்க வேண்டும். ஆகையால் விலையைக் கேட்ட அதே வாயால் பராமரிப்புக் கட்டணத்தையும் கேளுங்கள். கட்டணத்தைக் கேட்டதோடு நிற்காமல் சேமநிதியின் இருப்பையும் கேளுங்கள். அதன் பிறகு முன்பணத்தைக் கொடுங்கள்.

கட்டபெட்டு மொத்த வணிகர்